கோழி என்று பரிமாறியது

பத்தூமி நகருக்கு மேலே உள்ள மலையில், இலையுதிர் காலத்தில் தெற்கே வலசை போகும் பருந்துகளை எண்ணும் மேட்டில், முர்மானின் கண்ணுக்குத் தனி மதிப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைநோக்கியைத் துடைத்து முடிப்பதற்குள், "தேன்பருந்து, நாப்பது" என்று வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவான். டச்சுக்காரி அன்னெக்கே தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொள்வாள். ஒரு காலத்தில் இதே கண்ணால் குறிபார்த்து அந்தப் பருந்துகளைச் சுட்டவன்தான். விட்டுவிட்டான். அதை அவளிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறான்.

எண்ண வருகிறவர்கள் தங்குவது அவன் வீட்டில். அன்னெக்கேயின் பிறந்தநாளுக்கு விருந்து என்று அவனே அழைத்திருந்தான். பார்த்தால், நரி வந்து கோழிக்கூண்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. மனைவி நர்கிசா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, முர்மானின் அண்ணன் ஷோத்தா இறகு பிடுங்கிய இரண்டு பறவைகளோடு பின்வாசல் வழியே வந்தான்.

"எடுத்துக்கடா. கொழுத்துக் கெடக்கு."

"அண்ணே, இது அவங்க எண்ணுற பருந்து."

"எண்ணியாச்சுல்ல, அப்புறமென்ன? விருந்துன்னு கூப்பிட்டுட்டு வெறும் பீன்ஸைப் போட்டா ஊரு உன் மூஞ்சியில துப்பாது?"

நர்கிசா கணவனைப் பார்த்தாள். "நீதான் சொல்லணும். நான் சமைக்கிறவ, அவ்வளவுதான்."

அழைத்த விருந்தில் இறைச்சி இல்லையென்றால் அந்த ஊரில் ஆயுளுக்கும் அதே பேச்சு. முர்மான் கொஞ்சம் யோசித்தான். யோசித்து என்ன புண்ணியம், வெட்கங்கெட்டவன். "வால்நட் அரைச்சு ஊத்திடு. கோழின்னு சொல்லிக்கலாம்," என்றான்.

சாப்பாட்டு மேசையில் கோப்பையை உயர்த்தி, "பத்திரமா தெற்கே போய்ச் சேர்றவங்களுக்கு" என்று வாழ்த்து வேறு சொன்னான். எல்லாரும் கோழி பிரமாதம் என்றார்கள். அன்னெக்கே மட்டும் மெல்லுவதை நிறுத்தினாள். வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஈயக் குண்டு.

அவள் அவனைப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"கல்லா இருக்கும்," என்றான். "கோழி கண்டதையும் கொத்தும்."

"இருக்கும், முர்மான் மாமா."

சோள ரொட்டியை மட்டும் பிட்டுத் தின்றாள். அவன் கூனிக் குறுகிப்போனான்.

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. முதல் கூட்டம் மலைமுகட்டில் சுழன்று எழுந்தது.

"தேன்பருந்து, அறுபது," என்றான்.

அன்னெக்கே பேனாவைக் கீழே வைத்தாள். தொலைநோக்கியை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபதுதான் இருந்தது. எழுதிக்கொண்டாள்.

அடுத்த கூட்டம் வந்தபோது முர்மான் வாயைத் திறக்கவில்லை.