மேட்டு லயத்துப் புகை

விக்டோரியா ராணி காலத்துத் துரைமார்கள் சின்னக்கானல் பக்கத்து இந்த மலையைத் தேயிலைக்காக மொட்டையடித்தபோது, தங்கள் ஊர் ஆலைக் கிராமத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். கீழே ஆபீஸ், அடுத்து கிறிஸ்தவக் கோயில், மேட்டில் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிப் பிறந்த ஆறு வீடுகள் கொண்ட லயம், வீட்டுக்கொரு புகைக்கூண்டு. கூலியாள் எழுந்துவிட்டானா என்று நாற்காலியில் இருந்தபடியே புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? துரைமார் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அந்தப் புத்தி மட்டும் ஆபீஸை விட்டுப் போகவில்லை.

மேட்டு லயத்தில் இன்று கத்தரீனாள் மட்டும்தான் இருக்கிறாள். கொழுந்து பறித்து ஓய்ந்தவள். யானை வரத்து கூடியதும் மற்றவர்கள் கீழ் லயத்துக்கு இறங்கினார்கள், சிலர் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போனார்கள். நான்கு வீட்டிலாவது ஆள் இல்லாவிட்டால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திவிடுவோம் என்றது ஆபீஸ்.

கீழே போனால் ஆளோடு ஆளாக இருக்கலாம்தான். ஆனால் அவள் புருஷன் யாக்கோபின் கல்லறை லயத்துக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் யானை வழி. இறங்கிவிட்டால் நினைத்தபோது ஏறி வர முடியாது. அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆகவே தினமும் விடிந்ததும் காலியான ஐந்து வீடுகளில் மூன்றில் போய் அடுப்பு மூட்டினாள். யானைக்குப் பயந்து யாரும் மேலே வந்து பார்க்கப்போவதில்லை. பொய்தான், பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்லவுமில்லை.

லயத்தின் நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் புகை மேலே ஏறி இவள் வீட்டுக்குள் வரும். அந்த வாசனையில், அங்கே குடியிருந்து செத்துப்போன செபமாலையம்மாள் இன்னும் இருப்பதுபோலவே தோன்றும். "ஏட்டி செபமாலை, காப்பி போட்டுட்டியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். பதில் வராவிட்டால் என்ன, கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணிக்கு முன்னால் இந்த லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரிந்ததில்லை. கத்தரீனாள் ஒருசந்தி நோன்பிருந்து தன் அடுப்பை மூட்டவில்லை. ஆனால் கைப்பழக்கத்தில் மற்ற மூன்றையும் மூட்டிவிட்டாள்!

கீழே கோயிலுக்குச் சிலுவைப் பாதைக்கு வந்த சூப்பர்வைசர் ஜின்சன் அண்ணாந்து பார்த்தான். செபமாலையம்மாளின் மகன் அவன். செத்துப்போன தன் தாயின் வீட்டில் புகை. மேலே ஏறி வந்தான்.

"பெரியம்மா, பெரிய வெள்ளியும் அதுவுமா எங்கம்மா என்னைக்கு அடுப்பு மூட்டுனா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீஸ்ல சொல்லிராதய்யா. உங்க பெரியப்பாவத் தனியா விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவன் மூன்று அடுப்பிலும் தண்ணீர் ஊற்றி அணைத்தான்.

"நாலு வீட்டுலயும் ஆளு இருக்குன்னு நானே சொல்லிக்கிடுதேன். இனி நீங்க பொகை போட்டுச் சீரழிய வேண்டாம்."

நல்ல பிள்ளை. சொன்னபடியே செய்தான். தண்ணீரும் கரண்டும் நிற்கவில்லை.

ஈஸ்டர் காலையில் கத்தரீனாள் தன் அடுப்பை மட்டும் மூட்டினாள். காப்பி கொதித்தது. "ஏட்டி செபமாலை" என்று வாயெடுத்தவள் அண்ணாந்து பார்த்தாள். சுவருக்கு மேலே புகை இல்லை. கேட்க வந்ததைக் கேட்காமல், காப்பியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாள்.

"செபமாலையும் போயிட்டா" என்றாள் யாக்கோபிடம்.