மத்துக்கயிறும் வைப்பரும்

தாலுகா கச்சேரியில் முப்பது வருடம் முறை தவறாமல் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பின் வாங்கிய பழைய காரில், கண்ணாடி துடைக்கும் வைப்பர் கிறீச்சிட்டது. அதன் இணைப்புத் தண்டைக் கழற்றி எண்ணெயிட்டு, காரோடு வந்த கையேட்டில் உள்ளபடியே மாட்டினேன். வைப்பர் அசையவில்லை. அன்று மாலை பெருமழையில் மகளுக்குப் பிரசவ வலி கண்டது.

“மறுபடியும் முறையாக் கழட்டோணும்” என்றேன்.

“அதுவரைக்கும் கொழந்தை காத்திருக்குமாக்கும்? ஏனுங்க, தண்டை அப்படியே விட்டுப்போட்டு வைப்பர்ல இதைக் கட்டுங்க” என்று மனைவி மத்துக்கயிற்றை நீட்டினாள்.

வைப்பரில் கட்டிய கயிற்றின் இரு நுனிகளையும் இருபக்க ஜன்னல் வழியாக உள்ளே வாங்கி, நான் வண்டி ஓட்ட, தொண்டாமுத்தூரிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிவரை தயிர் கடைவதுபோல் இழுத்துக்கொண்டே வந்தாள். பேத்தி நலமாகப் பிறந்தாள்.

தண்டைத் தலைகீழாக மாட்டியிருந்ததை மறுநாள் கண்டேன். மனைவிக்குத் தெரியாமல் திருப்பி மாட்டினேன். இப்போது வைப்பர் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் மழையில் கிளம்பும்போது, கயிறு வண்டியில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.