நாற்பத்து நான்கு வயதில் ஒரு எம்பிஏ விண்ணப்பம்

ஸ்கூடாய் நகரத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அந்த ஆலோசகரின் அலுவலகம் இருந்தது. எம்பிஏ படிக்க விண்ணப்பிக்கிறவர்களின் விவரங்களைப் பார்த்து, இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்வது அவள் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வியர்த்துப்போய்த் தாமதமாக நுழைந்தேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் நேற்றுத்தான் பட்டம் வாங்கியவர்கள்போல் இருந்தார்கள். ஒரு பெண் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தாள். யாருடைய அம்மாவோ என்று நினைத்திருப்பாள்.

பக்கத்திலுள்ள தெப்ராவில், மருத்துவமனைகளுக்குப் பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நான் தலைவி. பள்ளி முடித்த கையோடு ஆபரேட்டராகச் சேர்ந்து, பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் வாங்கி, அந்த இடத்துக்கு வந்திருந்தேன். அதற்கு மேல் நகர முடியவில்லை. ஆலை மேலாளர் பதவிக்கு எப்போதும் வெளியிலிருந்து எம்பிஏ படித்த யாராவது வருவார். அவருக்கு ஆலையைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. மூன்றாவது ஆளுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு வந்த அன்றுதான் நானும் விண்ணப்பிப்பதென்று முடிவு செய்தேன்.

அவள் என் தாள்களை நிதானமாகப் படித்தாள். நான் அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேராவே சொல்லிடட்டுமா, அக்கா?"

"சொல்லுங்க."

"கஷ்டம் லா. முடியாதுன்னு சொல்லல. ஆனா நீங்க கேக்குற மூணு இடத்துலயும் போட்டி அதிகம், வர்றவங்க எல்லாம் சின்ன வயசு. உங்க வயசப் பார்த்ததும், இவங்க படிச்சு முடிச்சா யாரு வேலைக்கு எடுப்பாங்கன்னுதான் யோசிப்பாங்க. அதுக்கு நீங்க எழுதுனதுல பதிலே இல்ல."

பிறகு பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டாள். "இங்க உதவி மேலாளரா இருந்திருக்கீங்க. அடுத்த ரெண்டு வருஷம் வெறும் சரக்கு சோதிக்கிற இன்ஸ்பெக்டர். அப்புறம் மறுபடியும் மேல. என்ன நடந்துச்சு?"

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். வேறு வழியில்லாமல் சொன்னேன். ஒரு முறை கப்பலேற வேண்டிய சரக்கில் சில குழாய்களில் மெல்லிய கீறல் இருந்தது. அப்போதைய மேலாளர் அனுப்பிவிடச் சொன்னார். நான் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து நின்றேன். சரக்கு நின்றது. அடுத்த மாதம் அவர் என்னை இன்ஸ்பெக்டராகக் கீழே இறக்கினார். அந்த மேலாளர் பிறகு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

"அலமாக்!" என்று மலாயில் அங்கலாய்த்தாள். "இதையா மறைச்சு வச்சீங்க? இதத்தான் முதல்ல எழுதணும். ஆனா நீங்க மட்டும் சொன்னா பத்தாது, அக்கா. பரிந்துரைக் கடிதம் ரெண்டு வேணும்ல, ஒண்ண அவர்கிட்டயே வாங்குங்க."

"என்னை இறக்குனவர்கிட்டயா?"

"அவர்கிட்டதான்."

மூன்று நாள் நான் அவரை அழைக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் நேராக அந்த மூன்று வணிகப் பள்ளிகளுக்கும் போய்விடும். அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவே முடியாது. ஒரு வரியில் என் கதையை முடித்துவிட அவரால் முடியும். எல்லை தாண்டித் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர், மூன்றாம் நாள் வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டார்.

"கேட்டுப் பாரு. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுவாரு. இனிமே உன்னக் கீழ இறக்கவா முடியும்?"

மறுநாள் மதிய இடைவேளையில், தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து அழைத்தேன். என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார். விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"ஏன் நான்?" என்று மலாயில் கேட்டார்.

"அன்னிக்கு நடந்தது உங்களுக்கு நல்லா தெரியும், பாஸ்," என்று நானும் மலாயிலேயே சொன்னேன்.

"நான் என்ன எழுதுவேன்னு உனக்குத் தெரியாதே."

"தெரியாது."

"சரி. கடிதம் ஏத்துற லிங்க் அனுப்பு," என்று வைத்துவிட்டார்.

கடிதம் போய்ச் சேர்ந்தது என்ற அறிவிப்பு இரண்டு வாரம் கழித்து, கடைசி நாளன்று வந்தது. அந்த இரண்டு வாரமும் நான் தொலைபேசியைக் கழிப்பறைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் பள்ளி, இடமில்லை என்று நான்கே வரியில் எழுதியது. இரண்டாவது பள்ளியும் அப்படியே. ஆலோசகர் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு, அக்கா," என்றாள், அவ்வளவுதான்.

மூன்றாவது பள்ளி நேர்காணலுக்கு அழைத்தது. மடிக்கணினித் திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வயதைப் பற்றிக் கேட்பார்கள் என்று பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தப் பெண்மணி கேட்டது வேறு. "அந்தக் கூட்டத்தில் நடந்ததை உங்கள் மேலாளர் சொல்வதுபோல் சொல்லுங்கள்."

அவர் என்ன எழுதியிருக்கிறார், எதற்காக இப்படிக் கேட்கிறார்கள் என்று மனம் ஓடியது. பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் அந்த ஆலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாடிக்கையாளர் காலையிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒருத்தி, தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல், அறை நிறைய ஆட்கள் பார்க்க அவரை மறுத்துப் பேசினாள். அத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

"இன்று நடந்தால்?" என்றார் கூட இருந்தவர்.

"இன்றைக்கும் நிறுத்துவேன். ஆனால் முதலில் அவர் அறைக்குப் போய்ச் சொல்வேன்."

இருவரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து, ஆய்வகத்தில் குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இடம் கிடைத்த மின்னஞ்சல் வந்தது. கையுறையோடு திரையைத் தேய்த்துத் திறக்க முடியாமல் திண்டாடினேன். எங்காவது 'வருந்துகிறோம்' என்று இருக்கிறதா என்று மூன்று முறை தேடிவிட்டுத்தான் நம்பினேன்.

பழைய மேலாளருக்கும் செய்தி அனுப்பினேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வகுப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய கணக்குப் பாடங்களில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் படிக்கப் போவதை இப்போதைய மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.