அப்பாவின் முகத்தடியில் ஓடிய வெளிச்சம்

நான் புலம்பெயர்ந்து வாழும் ஹம் நகரில் இன்று ஞாயிற்றுக்கிழமை; படம் ஸ்கேன் பண்ண ஒரு கடையும் திறந்திருக்காது. பழைய ஸ்கேனரைப் புதுக் கணினியில் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் குப்புறக் கிடப்பது அப்பாவின் படம். எங்களிடம் இருக்கும் ஒரே படம். சண்டையில் காணாமற்போன அவரை முகாம்களில் தேட ஒருவர் இன்று போகிறார். அதற்குள் படம் வவுனியாவில் இருக்கும் அக்காவுக்குப் போய்ச் சேரவேண்டும். கைபேசியில் எடுத்தால் முகம் கலங்குகிறது.

"தம்பி, அனுப்பிட்டியோ? அந்த அண்ணை வெளிக்கிடப் போறார்," என்று தொலைபேசியில் அழுகிறாள் அக்கா.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ அக்கா."

ஸ்கேனர் கிர்ரென்று இழுக்கிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஊரில் மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத காலம். பொழுதுபட்டதும் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் அழுத்தி, பெடலைக் கையால் கிர்ரென்று சுற்றுவார். சூடேறிய ரப்பர் மணக்கும். அந்த விளக்கில்தான் நான் படித்தேன்.

"சத்தமாப் படி. நித்திரை கொண்டால் நிப்பாட்டிப்போடுவன்."

கை ஓய ஓய வெளிச்சம் மங்கும்.

"போதுமோ தம்பி?"

"போதும் அப்பா."

அந்த மங்கலில் புத்தகத்தில் ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. அவர் கை நோகுமே என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். பள்ளிக்கூடம் போகாத அவருக்கு அது பிடிபடாது.

ஸ்கேனரின் விளக்கு அப்பாவின் முகத்தடியில் பாதித் தூரம் ஓடி அணைகிறது. கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்கிறது கணினி. தொலைபேசி மறுபடி அடிக்கிறது. செருகியைப் பிடுங்கி மறுபடி குத்துகிறேன்.

"போதாது அப்பா. இன்னும் கொஞ்சம் சுத்துங்கோ."