நீளக்கையாரின் இரும்புக் கட்டை

வெளியில் ஒரு மனிதரைப் பார்த்து ‘கை நீளம்’ என்று சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவார். பழைய விமானங்களைப் பழுது பார்க்கும் அந்தக் கொட்டகையில் மட்டும் அது பட்டம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு அடித்தவர் அவர். ஒல்லி உடம்பு, தோளிலிருந்து தொங்கும் நீளமான கைகள். விமானத்தின் வால் பகுதிக்குள், பூனை கூட யோசித்து நுழையும் சந்துக்குள், அந்தக் கை மட்டும்தான் போகும். அதனால் நீளக்கையார்.

அவர் அங்கே வந்து சேர்ந்ததே ஒரு வாய்த்துடுக்கால்தான். ஒன்பது வருஷம் முன்னால் பழைய தகடு கிடைக்குமா என்று கேட்கப் போனார். எந்தக் காலத்துப் போரிலோ பறந்து, மழையில் கிடந்து, எலும்புக்கூடாக நின்ற ஒரு சண்டை விமானத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்கக் கூடாதா? இதைவிட என் பஸ் கதவே நன்றாக இருக்கும் என்றார். அங்கே சீஃப் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை மெக்கானிக், அப்படியானால் நீங்களே அடியுங்கள் என்று இடம் விட்டார். அன்று உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீடு அவரைப் பார்த்ததில்லை. மனைவி அந்த விமானத்துக்கு மூத்தவள் என்று பெயர் வைத்துவிட்டாள். மூத்தவளுக்கு இன்றைக்கு உடம்பு எப்படி என்றுதான் விசாரிப்பாள்.

கொட்டகையின் சுவரில் ஒரு பெரிய சிவப்புப் பலகை இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதில் வெள்ளைப் பெயின்டில் அதன் உருவம் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் சுத்தியல் சுத்தியலின் உருவத்தில், ஸ்பானர் ஸ்பானரின் உருவத்தில் தொங்க வேண்டும். ஒரு உருவம் காலியாக இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஏனென்றால் பஸ்ஸில் மறந்து வைத்த ஸ்பானர் கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான். விமானத்தில் மறந்து வைத்தது ஆளைக் கொல்லும். வீட்டிலிருந்து சொந்தக் கருவி கொண்டுவரக் கூடாது என்பது அங்கே முதல் விதி.

அந்தப் பலகையின் மூலையில் துருப்பிடித்த ஒரு ஸ்பானரும் தொங்கியது. நீளக்கையார் சேர்ந்த முதல் மாதத்தில், இறக்கையைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கிடைத்தது. போர்க்காலத்தில் யாரோ மறந்து விட்டுப்போனது. அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் நீளக்கையார்தான். உருவம் வரைந்து, கீழே ‘இதை விட்டுப்போன மகாராஜன் யாரோ’ என்று அழகான கையெழுத்தில் எழுதியதும் அவரே.

இப்படிப்பட்டவர்தான் விதியை மீறினார். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ரிவெட் துப்பாக்கியால் அடிப்பார். மற்றவர் உள்ளே கையை விட்டு, ரிவெட்டின் மறுமுனைக்கு ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார். கொட்டகையில் இருந்த கட்டைகள் வால் சந்துக்குள் திரும்பவில்லை. பஸ் ஸ்பிரிங் பட்டையை அறுத்துத் தானே தேய்த்துச் செய்த கட்டையை, பழைய காலுறை ஒன்றில் போட்டுச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம், முக்கால் கிலோ. இரண்டாயிரம் ரிவெட்டுக்கு மேல் அதில்தான் தாங்கினார். சீஃபுக்குத் தெரியாது. தெரிந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார் என்று இவருக்குப் பயம். மூத்தவளை விட்டால் இவருக்கு வேறு எங்கே போக்கிடம்?

புதன்கிழமை கடைசி ரிவெட். கடைசி என்பதால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி வந்து கைதட்டினார்கள். நீளக்கையார் வாலுக்குள்ளிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார், ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினார். முகமெல்லாம் பல். பலகையைப் பார்த்தார்கள், ஒரு உருவமும் காலியில்லை. வாலுக்குள் கை விடும் திறப்பை மூடித் திருகு போட்டார்கள். சோதனைத் தாளில் ‘உள்ளே எதுவும் இல்லை, பார்த்தேன்’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. அதுதான் பலகை நிறைந்திருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை காலை மூத்தவள் பறந்தாள். ஓட்டியது ஒரு பெண். சரக்கு விமானம் ஓட்டுகிறவர், எல்லோருக்கும் பைலட்டம்மா. ஓடுபாதை ஓரக் கம்பிவேலியில் அவருடைய வீட்டுக்காரரும் நீளக்கையாரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கையில் காகிதக் கோப்பையில் தேநீர். சக்கரம் தரையை விட்டதும் நீளக்கையாருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வட்டம் மெதுவாகச் சுற்றுவது, பிறகு ஒரே ஒரு முறை தாழப் பறந்துவந்து கூட்டத்துக்கு முன்னால் நெட்டுக்குத்தாக மேலே ஏறுவது என்று ஏற்பாடு.

வாத்தியார் பெருமையாகக் கேட்டார்: “ரெண்டாயிரம் ரிவெட் நீங்க தாங்குனதாமே சார். எதை வச்சுத் தாங்குனீங்க?”

சீஃப் தள்ளித்தான் நின்றார். வேலையும் முடிந்துவிட்டது, இனிமேல் என்ன பயம் என்று நீளக்கையார் பைக்குள் கையை விட்டார். காலுறை கையில் வந்தது. தட்டையாக வந்தது.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. உதறினார். பையைக் கவிழ்த்தார், சோற்று டப்பா விழுந்தது, கண்ணாடிக் கூடு விழுந்தது. அப்புறம் புதன்கிழமை அப்படியே கண்முன்னால் வந்து நின்றது. கைதட்டல். வாலுக்குள்ளிருந்து வெளியே வந்த தன்னுடைய கை. வெறும் கை. கட்டையை உள்ளே ஒரு சட்டத்தின் மேல் வைத்துவிட்டுத்தான் கும்பிட்டிருக்கிறார். வால் இறக்கையை அசைக்கும் நெம்புகோல் அந்தச் சட்டத்துக்கு ஒரு முழம் பின்னால். விமானம் நெட்டுக்குத்தாக ஏறினால் கட்டை நேராக அதன் மேல்தான் சரியும். நெம்புகோல் சிக்கினால் பைலட்டம்மாவால் மூக்கை மறுபடி இறக்க முடியாது. மேலே இரண்டாவது வட்டம் முடியப்போகிறது. பக்கத்தில் அந்த அம்மாவின் புருஷன் இன்னும் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு நிற்கிறார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததா என்றால், வந்தது. ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

ஓடினார். சீஃபின் தோளைப் பிடித்தார். “வால்ல என் கட்டை கிடக்கு. வீட்டுக் கட்டை. போர்டுல இல்லாதது. நான்தான் விட்டுட்டேன்.”

சீஃப் அவரைத் திட்டவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோனார். “மேல ஏத்தாதீங்க. நேரா, தட்டையா, பெரிய வட்டமா வந்து இறங்குங்க. வால்ல ஒரு இரும்பு கிடக்கு.”

கரகரப்புக்கு நடுவே பைலட்டம்மாவின் குரல் கேட்டது. “சரி. கொஞ்ச நேரமா கன்ட்ரோல் ஸ்டிக் ஒரு பக்கம் இறுக்கமாத்தான் இருக்கு. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

பின்னாலேயே ஓடிவந்திருந்த வாத்தியாரும் அதைக் கேட்டார். அவர் கையிலிருந்த கோப்பை நசுங்கியது. தேநீர் முழங்கை வரை வழிந்தது; அவர் துடைக்கவில்லை. பெரிய வட்டம் முடிய ஆறு நிமிஷம் ஆனது. சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு முறை துள்ளி, ஓடி நின்ற பிறகுதான் நீளக்கையாருக்குத் தான் புல்லில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

திறப்பைக் கழற்றினார்கள். கட்டை நெம்புகோலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தது. நெம்புகோலின் பக்கவாட்டில் புதிதாக ஒரு பளபளப்பான கீறல். இன்னும் ஒரு விரல் நகர்ந்திருந்தால் என்று சீஃப் ஆரம்பித்து, வாத்தியாரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எடுக்க யார் கையும் எட்டவில்லை. கடைசியில் நீளக்கையாரையே கூப்பிட வேண்டியிருந்தது. கையை உள்ளே விட்டு எடுத்தார். மேலே போய் வந்த இரும்பு சில்லென்று இருந்தது.

தன்னிடமிருந்த கொட்டகைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். பைலட்டம்மா குறுக்கே வந்து நின்றார். தலைக்கவசம் இன்னும் கையில், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“அடுத்த ஞாயிறு நான் ஏறணும்ணே. அந்தக் கட்டைக்குப் போர்டுல ஒரு இடம் வரைஞ்சு வையுங்க. அது தொங்குறதைப் பார்த்துட்டுத்தான் ஏறுவேன்.”

நீளக்கையார் வரைந்தார். பஸ் பக்கவாட்டில் ஸ்கேல் இல்லாமல் கோடு போட்ட கை, அன்று நாலு தரம் அழித்து அழித்துப் போட்டது. துருப்பிடித்த ஸ்பானருக்குப் பக்கத்தில் கட்டையைத் தொங்கவிட்டார். இதை விட்டுப்போன மகாராஜன் யார் என்று கீழே எழுத வேண்டும். பட்டப்பெயரை எழுதவில்லை. அப்பா வைத்த பெயரை, இனிஷியலோடு, முழுதாக எழுதினார். ஒன்பது வருஷம் கூட வேலை செய்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்ததே அன்றைக்குத்தான்.