உப்புத் தண்ணிக்கா இனயத்துல பஞ்சம்?

இன்னைக்கு கடலோரத்துல இருக்கிற இனயம் ஊருக்கு அண்ணனைப் பாக்கப் போயிருந்தேன்.

மீன் பிடிக்கப் போன போட்ல அவர் வழுக்கி விழுந்து மண்டையில அடிபட்டு மூணு மாசம் ஆச்சு. ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்ல. ஆனா பேச்சு பாதியில நின்னுரும், இப்ப சொன்னது மறந்துரும். அது சரியாகாம கடலுக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

இப்போ ஆஸ்பத்திரியில வீட்டுக்கே ஒரு பட்டை குடுத்து விட்டிருக்காங்க. தலையில மாட்டினா லேசா கரண்ட் போகும். மாட்டிக்கிட்டே போன்ல ஒரு ஞாபகசக்தி விளையாட்டு. பத்து படம் வரும், வரிசை மாறாம திருப்பிச் சொல்லணும். ஆஸ்பத்திரிப் பொண்ணு ஒண்ணு வீடியோ கால்ல பாத்துக்கிட்டே இருக்கும்.

பட்டையில உள்ள பஞ்சை உப்புத் தண்ணியில நனைக்கணும். அதுக்குக் குடுத்த பாட்டில் சீல் உடைக்காம அலமாரியில இருந்துச்சு.

"அப்போ எதுல மைனி நனைச்சிய?"ன்னு அண்ணன் பொண்டாட்டிகிட்ட கேட்டேன்.

"கடத்தண்ணியிலதான். உப்புத் தண்ணின்னுதானே சொன்னாவ? இனயத்துல அதுக்கா பஞ்சம்?"

வீடியோவுல இருந்த அந்தப் பொண்ணு உடனே, "அக்கா, தோல் புண்ணாயிரும். பாட்டில் தண்ணி மட்டும்தான்"னு சொல்லிச்சு.

பாட்டிலைத் திறந்தாங்க. அண்ணன் இன்னைக்கு ஆறு படம் சரியாச் சொன்னார். போன வாரம் மூணுதானாம்.

"இது கரண்டா, விளையாட்டா, இல்ல பக்கத்துல உக்காந்து மைனி போடுற சத்தமா?"ன்னு கேட்டேன்.

"எங்களுக்கும் அதான் தெரியணும், அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சியே"ன்னு சிரிச்சுது அந்தப் பொண்ணு.

அண்ணன் போனை என் கையில திணிச்சார். "ஏட்டி, நீ சொல்லு பாப்போம்."

நான் சொன்னது நாலு.

என் மண்டையில இதுவரைக்கும் ஒரு அடி கூடப் பட்டதில்ல. நீங்கல்லாம் எத்தனை சொல்வீங்க?