காதுகுத்துக் கடன்காரர்கள்

என் அப்பா உயர் நீதிமன்றத்தில் திவால் மனு தாக்கல் செய்தபோது, அவருக்கு நாற்பத்து மூன்று கடன்காரர்கள் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அவர்களில் நான்கு பேர்தான் உண்மையில் கடன் கொடுத்தவர்கள். மீதி முப்பத்தொன்பது பேரைச் சேர்த்தது நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

அப்பா ராயப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். எட்டடிக்குப் பத்தடி இடம். பிள்ளையார் படம் கலரில் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டதால், கலர் மெஷின் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினார். மெஷின் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் பத்திரிகையைப் போனில் அனுப்பப் பழகிவிட்டார்கள். பெரியவர்கள் கையில் கொடுக்க மட்டும் ஐம்பது அடித்தால் போதும் என்றார்கள். ஐம்பது பத்திரிகையில் மாதத் தவணை தேறவில்லை. வங்கித் தவணையைக் கட்ட ஒரு பைனான்ஸ்காரரிடம் வாங்கினார். பைனான்ஸுக்குக் கட்டத் தண்டல்காரரிடம் வாங்கினார். காகிதக் கடைக்காரருக்கும் பாக்கி நின்றது.

தண்டல்காரர் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிப்படியில் வந்து உட்காருவார். தண்ணீர் கேட்பார். அம்மா கொடுப்பாள். குடித்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி அப்பாவைத் திட்டுவார். பிறகு சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். தெருப்பக்கத்து ஜன்னலை நாங்கள் திறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அபிராமபுரத்து வக்கீல் ஒருவர்தான் வழி சொன்னார். மகள் கல்யாணத்துக்கு அப்பாவிடம் பத்திரிகை அடித்தவர். அதில் தான் தர வேண்டியிருந்த பாக்கியைத் தன் ஃபீஸில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். மனு ஏற்கப்பட்டால் கடன்காரர்கள் கேட்பதையெல்லாம் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும், வாசலில் வந்து நிற்கக் கூடாது. ஏற்கப்படாவிட்டால் இன்று படியில் உட்காருபவர் நாளை கூடத்தில் உட்காருவார். இதுதான் அவர் சொன்னதன் சாரம். வெளியே யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: கிண்டிக்குத் தெரியாமலா?

கிண்டி என்றால் அத்தை, அப்பாவின் அக்கா. அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் சொந்தத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது அவளுக்குத் தேதியோடு தெரியும். என் தம்பியின் காதுகுத்துக்கு அவள் போட்ட அரை சவரன் மோதிரம் கலர் மெஷினின் முன்பணத்துக்காக அடகுக்கடைக்குப் போயிருந்தது. அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பியை டியூஷனுக்கு அனுப்பிவிடுவது அம்மாவின் வழக்கம். தம்பிக்கு அப்போது நான்கு வயது.

மனுவுக்குக் கடன்காரர் பட்டியல் வேண்டும் என்று சொல்ல வக்கீல் குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். பெயர், விலாசம், தொகை, என்ன வகையில் வாங்கியது எல்லாம் வேண்டும் என்றார். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒத்த பேரு வுட்டுப்போனாலும் மனு நிக்காது பாப்பா. யாராருக்குத் திருப்பித் தரணுமோ, ஒரு ரூபாயா இருந்தாலும் எழுதிக் குடுத்துருங்க."

அப்பா ஒரு துண்டுத்தாளில் நான்கு பெயரை எழுதி, அழகாக எழுதி வைக்கும்படி என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் நான்கையும் எழுதினேன். முக்கால் பக்கம் காலியாக இருந்தது. எங்கள் வீட்டில் திருப்பித் தர வேண்டியவை வேறொரு நோட்டில் இருப்பது எனக்குத் தெரியும். அது அம்மாவின் பீரோவில், புடவைகளுக்கு அடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி இருந்தது. தம்பியின் காதுகுத்து மொய் நோட்டு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கிளம்புமுன் அம்மா அதைத்தான் பிரிப்பாள். அவர்கள் நமக்கு நூற்றொன்று செய்தார்கள், நாம் நூற்றைம்பத்தொன்று செய்ய வேண்டும், மொய்க்கடன் மட்டும் நிற்கக் கூடாது என்பாள். பெயர், ஊர், தொகை, வகை என்று குமாஸ்தா கேட்ட அத்தனையும் அதில் இருந்தன. கதவிலக்கம் தெரியாத சிலருக்கு, வீட்டிலிருந்த பழைய பத்திரிகைகளைத் தேடி விலாசம் எடுத்தேன். திருப்பிச் செய்து முடித்தவர்களுக்கு அம்மா டிக் அடித்திருந்தாள். அவர்களை விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு நான் துல்லியமாகவே இருந்தேன்.

மறுநாள் காலை அப்பா எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டார். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் எல்லாம் சரியா என்று மூன்று முறை படிக்கச் சொல்லி, அதன் பிறகே வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிறவர் அவர். தன் பட்டியலை ஒரு முறையும் படிக்கவில்லை. குமாஸ்தா டைப் செய்தார். வக்கீல் கையெழுத்திட்டார். கடன் வாங்கிய வகை என்ற கட்டத்தில் முப்பத்தொன்பது முறை "காதுகுத்து" என்று இருந்ததை மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பதினைந்து நாளில் கோர்ட் முத்திரையிட்ட பதிவுத் தபால்கள் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தது அத்தைதான். நோட்டீஸை மழைக்கு நனையாத பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். தம்பி வீட்டில் இருந்தான். அவனை டியூஷனுக்கு அனுப்ப நேரமில்லை. அப்பா திவாலானதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன்டா, நான் வெறும் ஐநூத்தியொண்ணா செஞ்சேன்? மோதிரம் இன்னா ஆச்சு? கோர்ட்டு வரைக்கும் என்னை அல்பமா ஆக்கிக்கினு வந்துகீறியே."

அப்பா நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். கூட இணைத்திருந்த பட்டியலையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு எழுத்துகூடத் தப்பில்லாம எழுதிக்கீறியேம்மா," என்றார். அம்மா என் தொடையில் கிள்ளியது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

பட்டியலின் நகல் எல்லோருக்கும் போயிருந்தது. அதனால் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்பது முப்பத்தொன்பது வீடுகளிலும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அடையாற்றில் இரண்டு மாடி வீடு வைத்திருந்த பெரியப்பாவின் பெயருக்கு நேரே ஐம்பத்தொன்று என்றிருந்தது. அவர் மறுநாளே காரில் வந்தார். அது ஐநூற்றொன்று, நடுவில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது, கோர்ட்டில் சொல்லித் திருத்த வேண்டும் என்றார். அம்மா நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தாள். அவர் காபி குடிக்காமல் போனார். பக்கத்துக் கடையில் பைண்டிங் செய்யும் பாய்க்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கு ஆசையாகக் கொடுத்த நூற்றொரு ரூபாய்க்கு ஏதாவது வரி கட்ட வேண்டுமா என்று அப்பாவிடம் தனியாகக் கேட்டார்.

வேடிக்கை அதோடு நின்றது. பைனான்ஸ்காரரின் வக்கீல், இந்த முப்பத்தொன்பது பேரும் போலிக் கடன்காரர்கள், தன் கட்சிக்காரருக்கு வர வேண்டிய பங்கைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று ஆட்சேபம் தெரிவித்தார். எங்கள் வக்கீல் அப்பாவைத் திட்டினார், அப்பா குமாஸ்தாவைப் பார்த்தார், குமாஸ்தா மின்விசிறியைப் பார்த்தார். ஒரே வழிதான் இருந்தது. முப்பத்தொன்பது பேரும் தங்களுக்கு எதுவும் வர வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் சிக்கல் என்றார் வக்கீல்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அபிராமபுரத்தில் வக்கீல் வீட்டில் கூடினார்கள். வராந்தாவில் இடமில்லை. ஏறத்தாழ அதே கூட்டம்தான் காதுகுத்துக்கும் வந்திருந்தது, சாப்பாடு மட்டும் இல்லை. அம்மா பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் சிரித்துப் பேசிக்கொண்டே போட்டார்கள். கையெழுத்துப் போட்டால் கொடுத்ததைத் திரும்ப வாங்கியதாக ஆகிவிடாதே என்று பாய் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கடைசியாக அத்தை. எழுத்து பொடியாக இருக்கிறது, படி என்று என்னிடம் தாளைக் கொடுத்தாள். படித்தேன்: "மேற்படியாரிடமிருந்து எனக்கு எந்தத் தொகையும் வரவேண்டியதில்லை. இனி எக்காலத்திலும் எதிர்பார்க்கமாட்டேன்." இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பேனாவை மேசைமேல் வைத்தாள்.

கையெழுத்துப் போடாவிட்டால் மனுவே அடிபட்டுப் போகும் என்றார் வக்கீல். ஐநூறு ரூபாய்க்கு அல்லாடுகிறாள் என்று பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை வக்கீலிடம்தான் பேசினாள்.

"எதிர்பார்க்கமாட்டேன்னு நான் எதுக்கு சார் எழுதணும்? எந் தம்பி இன்னா செத்தா பூட்டான்? லேட்டாவும், ஆனா தருவான். மோதிரத்தையும் சேத்து எழுதிக்கோங்க. அதையும் மீட்டுத் தருவான்."

நகைக்கடை ரசீது அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைனான்ஸ்காரரிடம்கூட இவ்வளவு ஒழுங்கான ஆதாரம் இல்லை என்றார். வேறு வழியில்லாமல் அவளை மட்டும் பட்டியலில் ஐந்தாவதாக நிறுத்தினார். அம்மா கையிலிருந்த டம்ளர் நிரம்பி, டீ கீழே வழிந்துகொண்டிருந்தது.

அடுத்த விசாரணையில் நீதிபதி ஐந்தாவது பெயரைக் காட்டி இது யார் என்று கேட்டாராம். "அக்காங்க. தரணும்," என்றாராம் அப்பா. மனு ஏற்கப்பட்டது. தண்டல்காரர் அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள், பழக்கதோஷத்தில் வந்தார். படியில் உட்காராமல் நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். கீல் துருப்பிடித்திருந்ததால் அப்பாவும் வந்து தள்ள வேண்டியிருந்தது.

உத்தரவின் நகலைப் பார்க்க வேண்டும் என்று அத்தை கிண்டியிலிருந்து வந்தாள். தன் பெயரையும், ஐநூற்றொரு ரூபாயையும், அரை சவரனையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று சங்கரா மீன் குழம்பு. அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்த நடுத்துண்டை அம்மா அத்தையின் தட்டில் போட்டாள். அத்தை கிளம்பியபோது அம்மா அவள் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாள். அதற்கு முன் அம்மா அவளை வாசலுக்கு மேல் வழியனுப்பியதில்லை. நானும் கூடப் போனேன். பஸ் வரும்வரை அம்மா பையைக் கீழே வைக்கவில்லை. பஸ் சிக்னலில் திரும்பி மறைந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றாள்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. அத்தனை பேர் வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருக்க, விடாமல் கேட்டவளுக்குப் போய் நடுத்துண்டா? எங்கள் சொந்தத்தில் முப்பத்தெட்டுப் பேர் நல்லவர்கள், ஒருத்தி மட்டும் பேராசைக்காரி என்று மறுநாள் பள்ளியில் என் தோழியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. கோர்ட்டு உத்தரவிலேயே பெயர் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்து வந்து காட்டுகிறேன் என்றேன்.